மலிவு வீடு கட்டும் பணியில் கல்லூரி மாணவர்கள்: பெங்களூருவில் இறங்குவோருக்கு ஒரு கையேடு

பெங்களூருவில் அல்சூர், மர்பி டவுன், நீலசந்திரா, விவேக்நகர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில், சிமென்ட் ஷீட் கூரையை அகற்றிவிட்டு, பதினைந்துக்கு இருபது அடி உள்ள அதே இடத்தில் ஒரு கான்கிரீட் வீட்டை எழுப்பிவிட வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் சீட்டுப் போட்டுப் பணம் சேர்ப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்குக் கைகொடுக்கக் கல்லூரி மாணவர்கள் குழுவாகக் கிளம்புவதும் இந்நகருக்குப் புதிதல்ல. அப்படிக் கிளம்பும் குழு ஒரு வீட்டைக் கடைக்காலிலிருந்து குடிபுகும் வரை ஒழுங்காகக் கொண்டுசெல்ல என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு கணக்கை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சிறிய வீடு ஒன்றின் மொத்தச் செலவில் கூலி பொதுவாக மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே வரும். அந்தக் கூலியிலும் பெரும்பகுதி கொத்தனார், கம்பி கட்டுபவர், கான்கிரீட்டைத் தாங்கப் பலகையும் முட்டும் அடிக்கும் சென்ட்ரிங் ஆள், பிளம்பர், எலக்ட்ரீஷியன் ஆகிய தேர்ந்த கைகளுக்குப் போகிறது. மாணவர்களின் உழைப்பு மிச்சப்படுத்தக்கூடியது எஞ்சியிருக்கும் எடுபிடி வேலையில் ஒரு பகுதியை மட்டுமே. எனவே ஐம்பது பேர் திரண்டு வந்தார்கள் என்பதால் ஒரு குடும்பத்தின் கடன் குறைந்துவிடாது. எந்த வேலைக்கு, எந்த நாளில், யார் சொல்படி வந்தார்கள் என்பதைப் பொறுத்தே குறையும்.

யார் பெயரில் இறங்குவது

தனிக் குழுவாக இறங்குவதைவிட, ஏற்கெனவே இருக்கும் ஓர் அமைப்பின் பெயரில் இறங்குவது நல்லது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. அதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும், ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பொறியியல் கல்லூரிகளில், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) வகுத்தபடி பட்டம் பெறுமுன் 100 செயல்பாட்டுப் புள்ளிகள் சேர்க்க வேண்டிய கட்டாயமும் இருக்கிறது. புள்ளிக்காகப் பெயர் கொடுப்பவர்களைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை; அவர்களில் சிலர் எல்லோரையும்விட நன்றாக மண் வெட்டுவார்கள். ஆனால் பொறுப்பை, வகுப்பு முடிந்த மாலையிலும் வந்து பார்க்கக்கூடிய நான்கைந்து பேரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

வீடு கட்டுவதையே தொழிலாகக் கொண்ட தொண்டு நிறுவனங்களும் உண்டு. 1976-இல் அமெரிக்காவில் தொடங்கி, 1983 முதல் இந்தியாவில் இயங்கிவரும் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி அவற்றுள் பலரும் அறிந்தது. 2006-இல் லோனாவாலாவுக்கு அருகே மலவ்லியில் ஜிம்மி கார்ட்டர் கலந்துகொள்ள, தன்னார்வலர்கள் 100 வீடுகள் கட்டும் பணியில் ஈடுபட்டது அந்த நிறுவனத்தின் ஏற்பாட்டில்தான். வீடு பெறும் குடும்பமும் தன் உழைப்பில் ஒரு பங்கைச் செலுத்த வேண்டும் என்பது அவர்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். எந்த அமைப்போடு சேர்ந்தாலும் இந்த ஒரு வழக்கத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் களத்தில் நிற்கும்போது மேஸ்திரியின் கைச்சுத்தமும் மாணவர்களின் வருகையும் தாமாகவே சீராகிவிடும்.

எந்த வழியில் போனாலும், கட்டடப் பொறியாளர் ஒருவரின் கையெழுத்திட்ட வரைபடம் இல்லாமல் மண்ணில் கடப்பாரையை இறக்கக் கூடாது. சிவில் துறைப் பேராசிரியர் ஒருவர் ஒப்புக்கொண்டால் போதும். ஆனால் அவர் அந்தச் சந்துக்கு நேரில் வந்து இடத்தைப் பார்க்க வேண்டும்.

முதல் மாதம் முழுவதும் காகித வேலை

மாணவர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பதும், குடும்பத்துக்கு மிக அதிகமாக உதவுவதும் இந்தப் பகுதிதான் என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இடம் யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. கர்நாடகத்தில் 1973-ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிகள் சட்டப்படி அறிவிக்கப்பட்ட பகுதியா, அறிவிக்கப்படாததா என்பதைக் குடிசைப் பகுதி மேம்பாட்டு வாரியத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குடும்பத்தின் கையில் ஹக்கு பத்திரம் எனப்படும் உரிமைப் பத்திரம் இருந்தால், அது யார் பெயரில் இருக்கிறது, அவர் உயிரோடு இருக்கிறாரா, பெயர் மாற்றம் நடந்ததா என்று பார்க்க வேண்டும். மாமனார் பெயரில் இருக்கும் பத்திரத்தை இரும்புப் பெட்டியில் வைத்துக்கொண்டு, தம் பெயரில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் அநேகம். இடம் ரயில்வேயுடையதாகவோ ராணுவத்துடையதாகவோ இருந்தாலும், ஏரிப் பகுதியிலோ ராஜகால்வாய் எனப்படும் மழைநீர்க் கால்வாயின் ஓரத்திலோ இருந்தாலும், அங்கே கான்கிரீட் வீடு கட்டத் துணைபோவது அந்தக் குடும்பத்தின் சேமிப்பை இடிக்கும் இயந்திரத்தின் முன் வைப்பதாகும். அப்படிப்பட்ட இடத்தில் கூரையைச் செப்பனிடுவதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

ஈஜிபுராவை இந்நகரத் தமிழர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 1990-களில் ஏழைகளுக்கென எழுப்பப்பட்ட அடுக்குக் குடியிருப்பில் ஒரு பகுதி 2007-இல் இடிந்து விழுந்தது. அதன்பின் தகரக் கொட்டகைகளில் தங்கியிருந்த குடும்பங்களும் 2013 ஜனவரியில் வெளியேற்றப்பட்டன. தரம் குறைந்த கட்டுமானமும் உறுதிப்படாத உரிமையும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அடுத்தது அரசு உதவி. பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு 2015 ஜூன் 25 அன்று தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. சொந்த இடத்தில் தாமே கட்டிக்கொள்பவர்களுக்கான பிரிவில், ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு மத்திய அரசின் பங்காக 1.5 லட்சம் ரூபாய் கிடைக்கும். நாட்டில் வேறெங்கும் குடும்பத்தார் பெயரில் கல்வீடு இருக்கக் கூடாது. தருமபுரியிலோ திருவண்ணாமலையிலோ ஊர்ப்பக்கம் பாட்டன் வீட்டில் பங்கு இருப்பதை இவ்விடத்தில் மறக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும். வீடு குடும்பத்துப் பெண்ணின் பெயரிலோ கூட்டாகவோ பதிவாவதை இத்திட்டம் வலியுறுத்துகிறது.

இந்தப் பணம் மொத்தமாக வருவதில்லை. கட்டடம் வளர்வதைப் படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகு, கட்டங்கட்டமாகத்தான் வரும். ஆகவே கடைக்காலுக்கும் தளமட்டத்துக்கும் தேவையான பணத்தைக் குடும்பம் முதலில் தன் கையிலிருந்து போட வேண்டும். அந்த நேரத்தில்தான் நகை அடகுக்குப் போகிறது, அல்லது வாரவட்டிக்குக் கடன் வாங்கப்படுகிறது. மாணவர் குழு திரட்டும் நன்கொடையை வண்ணப் பூச்சுக்கும் பெயர்ப் பலகைக்கும் செலவிடாமல், இந்த முதல் இடைவெளியை நிரப்பக் கைமாற்றாகக் கொடுத்து, அரசுத் தவணை வந்ததும் திரும்பப் பெற்று அடுத்த வீட்டுக்குத் திருப்பிவிட முடியும். ஒரே தொகை இரண்டு மூன்று வீடுகளுக்குப் பயன்படும்.

விண்ணப்பங்கள் தடைப்படும் இடம் பெரும்பாலும் பெயர்தான். தமிழில் ஒரு விதமாக அழைக்கப்படும் பெயர் ரேஷன் அட்டையில் கன்னட உச்சரிப்பில் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறொரு எழுத்துக்கூட்டலிலும், வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்து இடம் மாறியும் இருக்கும். இவற்றையெல்லாம் ஒரு தாளில் பட்டியலிட்டு, எதை எங்கே திருத்த வேண்டும் என்று குறித்து, நாடகச்சேரி எனப்படும் வருவாய்த் துறை அலுவலகத்துக்கும் வங்கிக்கும் குடும்பத்தாரோடு நடப்பது மாணவர்கள் செய்யக்கூடிய மிகச் சிறந்த வேலைகளில் ஒன்று. தமிழகத்திலிருந்து விடுதியில் தங்கிப் படிப்பவருக்குக் கன்னடம் வாசிக்க வராது. இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. இருவரையும் ஜோடியாக அனுப்புங்கள். அசல் ஆவணம் எதையும் ஓர் இரவுகூட மாணவர் கையில் வைத்திருக்கக் கூடாது. படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். 'கண்டிப்பாக லோன் வந்துவிடும் அம்மா' என்பது போன்ற வாக்குறுதிகளும் கூடாது.

நாள் குறித்தல்

பழைய வீட்டை இடித்த நாளிலிருந்து குடும்பம் வாடகை வீட்டில் இருக்கும். பெங்களூருவில் ஒற்றை அறைக்குக்கூடப் பல மாத வாடகை அட்வான்ஸாகக் கேட்பார்கள் என்பதால், பலர் அக்கம்பக்கத்து உறவினர் வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு தங்குவார்கள். கட்டுமானம் ஒரு மாதம் தள்ளிப்போனால் அந்த மாதத்தின் சுமை முழுவதும் அவர்களுடையது. செமஸ்டர் தேர்வு வருகிறது என்று மாணவர்கள் மூன்று வாரம் காணாமல் போவதைக் கட்டடம் பொறுத்துக்கொள்ளும், வாடகை பொறுத்துக்கொள்ளாது. எனவே தேர்வு அட்டவணையை முன்னால் வைத்துக்கொண்டு, மாணவர்கள் வர முடியாத வாரங்களில் கூலியாட்கள் மட்டுமே செய்யும் வேலைகள் வரும்படி மேஸ்திரியோடு உட்கார்ந்து திட்டமிட வேண்டும்.

மழையையும் பார்க்க வேண்டும். இங்கே செப்டம்பரும் அக்டோபரும் கடும் மழை மாதங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேர இடிமழை. நவம்பர் இறுதியில் வானம் (கடைக்காலுக்கான பள்ளம்) தோண்டி, மார்ச்சுக்குள் கூரைக் கான்கிரீட்டை முடித்துவிடுவது ஏற்ற கால அளவு. ஆடியில் பூமி பூஜை போட மாட்டார்கள், மார்கழியில் சிலர் தயங்குவார்கள். கார்த்திகையிலேயே பூஜையை முடித்துவிட்டால் மார்கழியில் வேலை நடப்பதற்குத் தடை சொல்பவர்கள் குறைவு. இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று வாதிட மாணவர்கள் அங்கே போகவில்லை.

மாணவர் கைக்கு எது, மேஸ்திரி கைக்கு எது

மாணவர்கள் இலவசமாகச் செய்யும் வேலையால் அதே தெருவில் இருக்கும் சித்தாள் ஒருவரின் கூலி போய்விடக் கூடாது என்பதை முதல் விதியாகக் கொள்ள வேண்டும். கட்டட வேலையில் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த கூலியே கொடுக்கப்படுகிறது. அதையும் இலவச உழைப்பால் பறிப்பது உதவியாகாது. குடும்பம் வேறுவழியின்றித் தானே லீவு போட்டுச் செய்ய நேரும் வேலைகள், அல்லது யாரும் கவனிக்காமல் விட்டுவிடும் வேலைகள் ஆகியவற்றையே மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய வீட்டின் இடிபாடுகளை அகற்றுதல், வானம் தோண்டுதல், பொருள்களைச் சந்துக்குள் கொண்டுசேர்த்தல், மணல் சலித்தல், சுவருக்குத் தண்ணீர் விடுதல், கடைசியில் வண்ணம் அடித்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

இவற்றுள் பொருள் சுமப்பதுதான் பெரிய வேலை. நான்கடிச் சந்துக்குள் லாரி வராது. பகலில் நகருக்குள் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் லோடு பெரும்பாலும் இரவில் பிரதான சாலையோரம் இறங்கும். விடிவதற்குள் அதை உள்ளே எடுக்காவிட்டால் கடைக்காரரும் போக்குவரத்துப் போலீஸாரும் சத்தம் போடுவார்கள். இங்கே இப்போது செங்கல்லைவிட சாலிட் பிளாக் எனப்படும் சிமென்ட் கல்லே அதிகம் பயன்படுகிறது. பதினாறுக்கு எட்டு அங்குல முகமும் ஆறு அங்குலக் கனமும் உள்ள ஒரு கல் ஏறக்குறைய 25 கிலோ எடை இருக்கும். ஒரு சதுர மீட்டர் சுவருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கல் தேவை. பதினைந்துக்கு இருபது அடி வீட்டுக்குக் குறுக்குச் சுவரோடு சேர்த்துச் சுமார் 850 கல், அதாவது இருபது டன்னுக்கு மேல்.

இதைக் கண்டதும் மாணவர்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி அனுப்ப ஆசைப்படுவார்கள். படத்துக்கு அது நன்றாக இருக்கும். ஆனால் கைமாற்று வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் அத்தனை கல்லையும் தூக்குகிறார் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே காலைப் பொழுதில் ஆளுக்கு இருபது டன். அரைமணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும், கல் யாருடைய காலிலாவது விழும். இரண்டு தள்ளுவண்டிகளை வாடகைக்கு எடுத்து, ஏற்ற ஒரு ஜோடி, இறக்க ஒரு ஜோடி, தள்ள மாற்றி மாற்றி ஆட்கள் என்று பிரித்துக்கொண்டால், ஒருவர் தூக்குவது அதில் சிறு பங்கே. மூன்று கிலோச் செங்கல்லுக்கும் பாதி நிரப்பிய மணல் சட்டிக்கும் வேண்டுமானால் வரிசை சரிப்படும். ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டையை இருவர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். அதை மண் தரையில் வைக்காமல், பலகை மேல் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்க வேண்டும்.

வானம் தோண்டும்போது பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். நெருங்கிக் கட்டிய குடியிருப்புகளில் பக்கத்துச் சுவருக்குக் கடைக்காலே இல்லாமல் இருப்பது சாதாரணம். அந்தச் சுவரை ஒட்டி முழு நீளத்துக்கும் ஒரேயடியாகத் தோண்டிவிட்டால் அது நம் பள்ளத்துக்குள் சாயும். பொறியாளர் சொல்லும் நீளத்துக்குத் துண்டு துண்டாகத் தோண்டி, சைஸ் கல் எனப்படும் அளவாக உடைத்த கருங்கல்லை வைத்துக் கட்டி முடித்த பிறகே அடுத்த துண்டைத் தொட வேண்டும்.

மணலைச் சோதிப்பது மாணவர்களுக்கு ஏற்ற வேலை. கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் பாதிக்கு மணல் போட்டு, உப்புக் கலந்த தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வைத்தால், மணல் அடியிலும் அதன்மேல் வண்டல் தனிப் படலமாகவும் படியும். ஆற்று மணலில் அந்தப் படலம் மணல் உயரத்தில் நூற்றுக்கு எட்டுக்கு மேல் இருந்தால் லோடைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது நடைமுறை. கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வாங்கினாலும் கல்தூள் அதிகமா என்று பார்க்க இதே சோதனை ஓரளவு உதவும். மேஸ்திரிக்குக் கையில் அள்ளித் தேய்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் மேஸ்திரி சொன்னால் தர்க்கம் செய்யும் லாரிக்காரர், அளவுகோல் ஒட்டிய பாட்டிலைக் காட்டினால் பேச மாட்டார்.

சுவர் வேலையில் மாணவர்களை விட வேண்டுமா என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து வேறுபடும். தளமட்டத்துக்கு மேல் இரண்டு, மூன்று வரிசை வரையில், நூல் பிடித்த சுவரின் நடுப்பகுதியில், கொத்தனாரின் பக்கத்தில் நின்று வைக்கலாம் என்பது என் முடிவு. மூலைகளும் கதவு நிலையின் இரு பக்கங்களும் கொத்தனாருக்கே உரியவை. மூலைதான் தூக்குக்குண்டு விழும் இடம். அங்கே கால் அங்குலம் தவறினால் மேலே போகப் போக அது அங்குலமாகும். முதன்முதலில் கல் வைக்கும் மாணவர் எல்லோரும் செய்வது, கல்லை நூலோடு ஒட்டி அழுத்துவது. "தம்பி, கல்லு நூலைத் தொடக் கூடாது. தொட்டா நூல் வெளிய தள்ளும், அடுத்த கல்லு அதைப் பாத்துத் தள்ளும். நூலுக்கும் கல்லுக்கும் நடுவுல ஒரு மயிரிழை வெளிச்சம் தெரியணும்" என்று மேஸ்திரி சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடி அந்த இழையைப் பார்க்கப் பழகும் மாணவருக்கு அதன் பிறகு அதிகம் சொல்லித்தர வேண்டியதில்லை. வயதில் மூத்த மேஸ்திரியை 'மேஸ்திரி அண்ணா' என்றோ 'மேஸ்திரி' என்றோ அழைத்துப் பழக வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடும் கல்லூரி வழக்கம் இங்கே எடுபடாது. பேராசிரியருக்கும் மேஸ்திரிக்கும் கருத்து வேறுபாடு வந்தால் அதை அவர்கள் இருவரும் தனியே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆட்கள் முன்னிலையில் மேஸ்திரியைத் திருத்தினால் மறுநாளிலிருந்து அவர் யாருக்கும் எதுவும் சொல்லித்தர மாட்டார்.

கலவையில் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் வேலையை ஒரு மாணவரிடம் நிரந்தரமாக ஒப்படையுங்கள். கலவை தளர்வாக இருந்தால் வாருவதற்கு எளிது என்பதால் ஆளாளுக்கு ஒரு குவளை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கான்கிரீட்டின் பலம் அந்தக் குவளைகளில்தான் போகிறது. சிமென்ட், மணல், ஜல்லி மூன்றையும் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற விகிதத்தில் போடும் எம் 20 தரக் கான்கிரீட்டுக்கு, ஒரு மூட்டை சிமென்டுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 வரையறுக்கிறது. ஜல்லியும் மணலும் நனைந்திருந்தால் அதற்கேற்ப இன்னும் குறைக்க வேண்டும். வாளியில் பெயின்டால் கோடு போட்டு, அந்த வாளியைத் தவிர வேறெதையும் மிக்ஸர் பக்கத்தில் வைக்காமல் இருப்பது போதும்.

கூரைக் கான்கிரீட் போடும் நாளில் மாணவர்கள் மேலே ஏறக் கூடாது. அது பழகிய கும்பல் ஒன்று மிக்ஸரும் லிஃப்ட்டும் கொண்டுவந்து, இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய வேலை. ஐந்து அங்குலக் கனத்தில் இந்த அளவு வீட்டுக்கு ஏறக்குறைய முப்பது மூட்டை சிமென்ட் இறங்கும். கீழே நின்று மூட்டைகளை எண்ணிக் குறிப்பது, டீயும் தண்ணீரும் கொடுப்பது, முந்தின நாள் மாலையே கம்பிகள் பலகையைத் தொடாமல் உயர்த்திப் பிடிக்கும் கவர் பிளாக் கட்டைகளை அவற்றுக்கு அடியில் வைத்திருக்கிறதா என்று பொறியாளரோடு சரிபார்ப்பது ஆகியவை போதும். நான்கரை மீட்டர் வரை அகலமுள்ள கூரைக்கு முட்டுகளை ஏழு நாளைக்குள் எடுக்கக் கூடாது. சென்ட்ரிங் வாடகை ஏறுகிறது என்று அவசரப்படுத்துவார்கள், விட்டுக்கொடுக்க வேண்டாம்.

செலவைக் குறைக்கும் மாற்று முறைகளைப் படித்துவிட்டு வரும் மாணவர்களுக்கு ஒரு சொல். இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கிய அஸ்த்ரா திட்டத்தில் உருவான, சிறிதளவு சிமென்ட் சேர்த்துக் கைப்பொறியில் அழுத்தும் மண்கல் மாணவர் உழைப்புக்கு மிகவும் பொருத்தமானது. சலிப்பது, கலப்பது, நெம்புகோலை இழுப்பது எல்லாம் பழகாத கைகளாலும் முடியும். ஆனால் அழுத்திய கல்லை அடுக்கி மூன்று வாரமாவது ஈரத்தில் வைக்க இடம் வேண்டும். நகருக்கு வெளியே ஆனேகல், ஹொஸ்கோட்டே பக்கம் காலி இடத்தோடு கூடிய மனைகளில் இது சாத்தியம், நீலசந்திராவில் நடக்காது. கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய, செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுவரின் நடுவே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டு செங்கல்லில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை மிச்சப்படுத்தும் என்றாலும், அதை முன்பே கட்டிய அனுபவமுள்ள கொத்தனார் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். ஏழைக் குடும்பத்தின் வீடு சோதனைக்கூடம் அன்று.

தண்ணீர் விடும் முறைவேலை

மாணவர் குழுவால் ஒரு வீட்டின் ஆயுளைக் கூட்ட முடியும் என்றால் அது க்யூரிங்கில்தான். கூரையின் மேல் சிறு சிறு பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவதும், சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் அடிப்பதும் யாருக்கும் பிடிக்காத வேலைகள். காண்டிராக்டர் இரண்டாம் நாளே மறந்துவிடுவார். சாதாரண சிமென்டாக இருந்தால் குறைந்தது ஏழு நாள், இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பிபிசி (போர்ட்லேண்ட் பொசலானா) சிமென்டாக இருந்தால் குறைந்தது பத்து நாள், வெயில் காய்ச்சலில் அதற்கும் மேலாக ஈரம் காயாமல் இருக்க வேண்டும். இரண்டிரண்டு பேராகப் பெயர் எழுதி, கதவு நிலையில் ஒட்டிய தாளில் நேரத்தோடு கையொப்பமிட வைத்தால் இது தவறாமல் நடக்கும். வகுப்புக்கு முன் ஒரு மணி நேரம், வகுப்புக்குப் பின் ஒரு மணி நேரம் போதும்.

தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதையும் யோசித்து வைக்க வேண்டும். 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது, குடிநீரைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பெங்களூரு குடிநீர் வாரியம் தடைவிதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. தெருக்குழாயில் குடத்தோடு நிற்கும் பெண்களுக்கு எதிரே ஓஸ் பைப்பில் சுவரை நனைத்தால் என்ன பேச்சு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. போர்வெல் தண்ணீரை டேங்கரில் வாங்கி டிரம்களில் நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும். சுவரில் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு நனைத்தால் பாதித் தண்ணீர் மிச்சமாகும்.

ஆட்களைப் பார்த்துக்கொள்வது

பதினெட்டு வயது நிரம்பாதவரைக் களத்தில் இறக்கக் கூடாது, பி.யூ. கல்லூரி (பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு) மாணவர்களில் பெரும்பாலோர் இந்த வரம்புக்குள் வருவார்கள், அவர்களைக் காகித வேலைக்கும் நிதி திரட்டலுக்கும் வைத்துக்கொள்ளலாம். செருப்போடு வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். மூடிய ஷூ, ஹெல்மெட், கையுறை மூன்றும் கட்டாயம். டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். ஈர சிமென்ட் தோலை அரிக்கும் என்பது பலருக்கும் மாலையில் கொப்புளம் வந்த பிறகே தெரிகிறது. பட்டவுடன் நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும், கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் போகும் சாரத்தில் மாணவர் ஏறக் கூடாது. சந்துகளில் மின்கம்பி கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும் என்பதால், கம்பியையும் ஏணியையும் நிமிர்த்துமுன் மேலே பார்க்க ஒருவரை நிறுத்துங்கள்.

கழிப்பறை ஏற்பாடு இல்லையென்றால் மாணவியர் இரண்டாம் நாளே வருவதை நிறுத்திவிடுவார்கள். காரணத்தைச் சொல்லவும் மாட்டார்கள். பக்கத்து வீட்டிலோ பொதுக் கழிப்பறையிலோ முன்கூட்டியே பேசி வைப்பது குழுத் தலைவரின் வேலை. சாப்பாட்டைக் கல்லூரியிலிருந்தே கொண்டுவர வேண்டும். "பசங்க வெயில்ல நிக்குதுங்க" என்று வீட்டுக்கார அம்மா பொங்கல் வடையோடு வந்து நிற்பார். ஒரு நாள் ஏற்றுக்கொள்ளலாம், தினமும் முப்பது பேருக்கு அவர் அடுப்பு மூட்டினால் நாம் மிச்சப்படுத்திய கூலி அங்கே செலவாகிவிடும். இடிந்த வீட்டையும் அதன் பிள்ளைகளையும் படம் எடுத்துப் பகிர்வதற்குக் குடும்பத்தின் ஒப்புதல் தேவை. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் இது சிறிய விஷயம் அல்ல.

வேலை செய்யும் தொழிலாளர்களிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஓராண்டில் 90 நாள் கட்டட வேலை செய்தவர் அதில் பதிந்துகொள்ளலாம். பிள்ளைகளின் படிப்பு உதவி முதல் ஓய்வூதியம் வரை அதன்வழி கிடைக்கும். பதிவு செய்யாமலே இருபது ஆண்டு வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மதிய உணவு இடைவேளையில் அவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது மாணவருக்கு ஒரு மணி நேர வேலை.

கணக்கும் கடைசித் தவணையும்

வாங்கிய ஒவ்வொரு பொருளின் ரசீதும், நாள்தோறும் வந்த ஆட்களின் எண்ணிக்கையும் ஒரே நோட்டில் இருக்க வேண்டும். அந்த நோட்டு வீட்டுக்காரரிடம் இருக்க வேண்டும், மாணவர்கள் அதன் நகலை வைத்துக்கொள்ளலாம். மேஸ்திரியிடம் வேலையை ஒப்படைக்கும்போதே சதுர அடிக்கு எவ்வளவு, அதில் எவை எவை அடங்கும், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று தமிழிலோ கன்னடத்திலோ எழுதி இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். மின் இணைப்புக்கும் கழிவுநீர் இணைப்புக்குமான விண்ணப்பங்களைப் பூச்சு வேலை தொடங்கும்போதே கொடுத்துவிட்டால், வீடு முடிந்தும் இருட்டில் காத்திருக்க நேராது.

மேஸ்திரிக்குத் தர வேண்டியதில் நூற்றுக்கு ஐந்தை, அவருடைய சம்மதத்தோடு, அடுத்த மழைக்காலம் வரை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அக்டோபர் மழையில் ஒருநாள் இரண்டு மாணவர்களும் மேஸ்திரியும் அந்த வீட்டுக்குப் போய், கைப்பிடிச்சுவர் கூரையோடு சேரும் இடம், ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேட், குளியலறைச் சுவரின் வெளிப்பக்கம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். ஒழுகல் பெரும்பாலும் இவற்றில்தான் தொடங்கும். ஒழுகல் இருந்தால் மேஸ்திரி அதைச் சரிசெய்து கொடுத்ததும் நிறுத்திய தொகையை அன்றே அவரிடம் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.